வீட்டை அடமானம் வைத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையைக் காப்பாற்றலாமா?

கேள்வி:

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. பூர்வீகம் தர்மபுரி பக்கம். எனக்கு வயது 48. கொரோனாவுக்கு முன்பு மாதம் 15 லட்சம் வரை வியாபாரம் ஆனது, இப்போது 9 லட்சத்தைத் தாண்டுவதில்லை. அதில் சராசரியாக 16 சதவீதம் நிற்கும். கடை வாடகை 26,000, கலாசிபாளையத்தில் உள்ள குடோனுக்கு 12,000, பையன்கள் இருவர் சம்பளம் 44,000, மற்ற செலவு 10,000. வங்கியில் கேஷ் கிரெடிட் (வியாபாரத்துக்கு வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) 35 லட்சம், வட்டி 11 சதவீதம். அதற்கு ஈடாக ஓசூரில் 2013-ல் 7 லட்சத்துக்கு வாங்கிய மனையைக் கொடுத்திருக்கிறேன். இன்று 30 லட்சம் போகும். கடையிலும் குடோனிலும் சரக்கு 62 லட்சத்துக்கு இருக்கிறது, பாதி ஒரு வருடமாக நகரவே இல்லை. கேரேஜ்காரர்களிடம் வரவேண்டியது 18 லட்சம், சப்ளையர்களுக்குத் தரவேண்டியது 14 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 55,000. ஸ்ரீராமபுரத்தில் கடன் இல்லாத சொந்த வீடு, மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சம், பி.பி.எஃப்-ல் 7 லட்சம், மனைவியின் நகை 40 பவுன். மகள் இரண்டாம் பி.யு.சி. (பிளஸ் டூ) படிக்கிறாள், அடுத்த வருடம் இன்ஜினீயரிங். ஒரு நிதி நிறுவனம் வீட்டின் பேரில் 40 லட்சம் தருவதாகச் சொல்கிறது, 11.5 சதவீத வட்டி, 12 வருடம். 14 லட்சத்தில் பாக்கியை அடைத்துவிட்டு மீதி 26 லட்சத்துக்குப் புது மாடல் கார் பார்ட்ஸும் எலெக்ட்ரிக் வண்டி பார்ட்ஸும் இறக்கலாம் என்று இருக்கிறேன். தம்பி கடையையே மூடிவிடச் சொல்கிறான். எது சரி?

பதில்:

வீட்டை வைக்காதீர்கள். கடையை இன்றே மூடவும் வேண்டாம். ஏன் என்று உங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன். இவ்வளவு விவரத்தை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. கடை நஷ்டத்தில் ஓடும்போது சொந்த வீட்டாரிடம்கூட எண்களைச் சொல்ல மனம் வராது.

மாதம் 9 லட்சத்துக்கு 16 சதவீதம் என்றால் கையில் நிற்பது 1,44,000. வாடகை இரண்டும் சேர்த்து 38,000, சம்பளம் 44,000, மற்றவை 10,000, கேஷ் கிரெடிட் வட்டி ஏறக்குறைய 32,000. இவை போக மிஞ்சுவது 20,000. வீட்டுக்குத் தேவை 55,000. ஆக, மாதா மாதம் 35,000 துண்டு விழுகிறது, வருடத்துக்கு 4,20,000. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? சப்ளையரிடமிருந்துதான். அந்த 14 லட்சம் பாக்கியில் பெரும்பகுதி சரக்கு வாங்கிய கடன் அல்ல, உங்கள் வீட்டு மளிகையும் மகளின் படிப்புக் கட்டணமும்தான் அப்படி ஏறி நிற்கிறது.

இந்தத் துண்டின் மேல் 40 லட்சம் கடனை ஏற்றினால் மாதத் தவணை ஏறக்குறைய 51,300. பன்னிரண்டு வருடத்தில் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 34 லட்சத்தை நெருங்கும். தவணையையும் இப்போதைய 35,000 துண்டையும் சேர்த்து ஈடுகட்ட, இதே லாப விகிதத்தில் மாதம் இன்னும் 5,40,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்றாக வேண்டும். அதாவது வியாபாரம் 60 சதவீதம் ஏற வேண்டும், அதுவும் முதல் மாதத்திலிருந்தே. சில வருடங்களாக இறங்குமுகத்தில் இருக்கும் கடையில் இது நடக்கும் என்று நம்பி வீட்டுப் பத்திரத்தைக் கொடுப்பதை என்னால் ஆதரிக்க முடியாது. தவணை தவறி கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டால், 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டைக் கையகப்படுத்தும் வழி கடன் கொடுத்தவர்களுக்கு இருக்கிறது.

வியாபாரம் இறங்கியதற்கு உங்கள் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். நாட்டில் உதிரிபாகத் தொழில் மொத்தமாகப் பார்த்தால் வளரத்தான் செய்கிறது. 2024-25-ல் அதன் விற்றுமுதல் 6.73 லட்சம் கோடி ரூபாய் என்கிறது உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.எம்.ஏ. அதே வருடம் 43 லட்சம் பயணிகள் வாகனங்கள் டீலர்களுக்குப் போயின. ஆனால் அந்தப் புது வண்டிகள் வாரண்டி, நீட்டித்த வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ் என்று கம்பெனி ஒர்க்‌ஷாப்பைத் தாண்டி வெளியே வருவதில்லை. விபத்தில் அடிபட்டாலும் கேஷ்லெஸ் இன்சூரன்ஸுக்காக அங்கேயே போகின்றன. மெக்கானிக்கோ போனிலேயே ஆர்டர் போட்டு கேரேஜ் வாசலிலேயே பார்ட்ஸ் வாங்கிக்கொள்கிறார். ஒரே கிளட்ச் பிளேட் நாலு மாடலுக்குப் பொருந்திய காலமும் போய்விட்டது. இப்போது வருடத்துக்கு வருடம், வேரியன்ட்டுக்கு வேரியன்ட் பார்ட் நம்பர் மாறுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது இஞ்சின், எக்ஸாஸ்ட் பக்கத்தில் எத்தனை அயிட்டம் ஒரே நாளில் பழசானது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

இந்த நிலையில் "புது மாடல் பார்ட்ஸ்" என்று 26 லட்சத்தை இறக்குவது, நகராத சரக்கின் மேல் இன்னொரு அடுக்கு நகராத சரக்கை ஏற்றுவதாகத்தான் முடியும். புது கார் ஷோரூம்களும் இதே சுழலில் மாட்டியவர்கள்தான். 2024 செப்டம்பரில் டீலர்களின் யார்டுகளில் 79,000 கோடி ரூபாய் மதிப்புள்ள வண்டிகள் தேங்கி நின்றதாக டீலர்கள் சங்கமான எஃப்.ஏ.டி.ஏ. சொன்னது. 80 நாளுக்கு மேற்பட்ட சரக்கு அது; 21 நாள் போதும் என்பது சங்கத்தின் கோரிக்கை. உங்கள் கடையில் இருப்பதோ எட்டு மாதச் சரக்கு.

எலெக்ட்ரிக் வண்டி பற்றியும் ஒரு வார்த்தை. அதில் கிளட்ச் இல்லை, இஞ்சின் ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. பேட்டரி, மோட்டார், கன்ட்ரோலர் எல்லாம் கம்பெனியின் பிடியில். பிரேக் பேட்கூட மெதுவாகத்தான் தேயும், மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடுவதால். வெளிக்கடைக்கு மிஞ்சுவது சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங், வைப்பர், ஏ.சி. ஃபில்டர், பல்பு. இவற்றில் பலவற்றை நீங்கள் ஏற்கெனவே விற்கிறீர்கள். அந்த ரேக்கை மட்டும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். தனியாக "இ.வி. பார்ட்ஸ்" முதலீடு இப்போது வேண்டாம்.

இனி பணம் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். முதல் பணம் குடோனில் இருக்கிறது. 31 லட்சம் நகராத சரக்கு என்கிறீர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்து, பையன்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாக எண்ணுங்கள். பார்ட் நம்பர், எந்த வண்டிக்கு, கடைசியாக எப்போது விற்றது என்று எழுதுங்கள். எல்லாமே குப்பையாக இருக்காது. ஷெவர்லே 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-ல் உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தது. ஆனால் ஷெவர்லே பீட்டும் ஃபோர்டு ஃபிகோவும் இன்னும் சாலையில் ஓடுகின்றன. பார்ட்ஸ் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். டொயோட்டா எட்டியோஸ் நின்று சில வருடம் ஆகியும் எல்லோ போர்டில் இன்றும் பார்க்கிறோம். உங்கள் குடோனில் தூசி படிந்து கிடக்கும் இந்த வகைப் பெட்டிகளைப் படம் எடுத்து ஓசூர், சேலம், கோயம்புத்தூர், சென்னை மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள். இவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளாதீர்கள்.

மீதியை வந்த விலைக்குத் தள்ளுங்கள். அதில் ஒரு எச்சரிக்கை: "போனது போகட்டும்" என்று கணக்கில் தள்ளுபடி எழுதாதீர்கள். அழித்த சரக்குக்கும், தள்ளுபடி எழுதிய சரக்குக்கும், இலவசமாகக் கொடுத்த சரக்குக்கும் எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிக் கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) திருப்பிக் கட்ட வேண்டும். அசலில் பாதி விலைக்குப் பில் போட்டு விற்றால் அந்தக் கிரெடிட் உங்களிடமே இருக்கும். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு 28 சதவீத வரியில் வாங்கிய பார்ட்ஸை இப்போது 18 சதவீதத்தில்தான் விற்கிறீர்கள். அந்த வித்தியாசம் ரொக்கமாகத் திரும்பாது, ஆனால் கிரெடிட் லெட்ஜரில் நின்று இனி விற்கும் சரக்கின் வரியைக் கழிக்க உதவும். எல்லா வகையிலும் சேர்த்து ஆறு மாதத்தில் 12 லட்சம் வந்தால்கூட நல்லதுதான். 31 லட்சம் போட்டதை 12 லட்சத்துக்குக் கொடுப்பதா என்று வயிறு எரியும், தெரியும். அந்த நஷ்டம் சரக்கு நகராமல் நின்றபோதே வந்துவிட்டது. குடோன் காலியானால் மாதம் 12,000 வாடகையும் மிச்சம்.

இரண்டாவது பணம் கேரேஜ்களில். நீங்கள் உற்பத்தியாளர் அல்ல, வியாபாரி. 45 நாளில் பணம் தரவேண்டும் என்ற சிறுதொழில் சட்டத்தின் பாதுகாப்பு, உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு இருந்தாலும் வியாபாரிக்குக் கிடையாது. ஆகவே வசூலுக்கு நீங்களேதான் அலைய வேண்டும். ஒவ்வொரு கேரேஜிடமும் "இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போடும் காலவரம்பு மூன்று வருடம். அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். பழைய பாக்கியில் வாரம் இவ்வளவு என்று தராதவருக்குப் புதுச் சரக்கு ரொக்கத்துக்குத்தான். சிலர் வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும். அவர்கள் பாக்கி வைத்த சரக்குக்கும் நீங்கள்தான் ஜி.எஸ்.டி. கட்டியிருக்கிறீர்கள், அது வாராக்கடன் ஆனாலும் அரசு திருப்பித் தருவதில்லை. 18 லட்சத்தில் 8 லட்சம் வந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஓசூர் மனை. மனதுக்குக் கஷ்டமான யோசனைதான், ஆனால் விற்றுவிடுங்கள். 7 லட்சத்துக்கு வாங்கி 30 லட்சத்துக்கு விற்றால், பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாத 12.5 சதவீத முறையில் நீண்டகால மூலதன ஆதாய வரி செஸ்ஸோடு 3 லட்சம் அளவில் வரும். 20 சதவீத சரிக்கட்டல் முறையைத் தேர்ந்தெடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் இந்த எண்களுக்கு முதல் முறையே லாபம். கையில் வரும் 27 லட்சத்தில் 24 லட்சத்தைக் கேஷ் கிரெடிட்டில் கட்டினால் கடன் 11 லட்சமாகி, மாத வட்டி 32,000-லிருந்து 10,000 ஆகும். வருமானம் எதுவும் தராத மனையை வைத்துக்கொண்டு மாதம் 22,000 வட்டி கட்டி வந்திருக்கிறீர்கள்.

மீதி 3 லட்சமும் நகராத சரக்கு விற்ற பணமும் சப்ளையர்களுக்கு. யாருக்கு முதலில் என்றால், 180 நாளைத் தாண்டிய, தாண்டப்போகிற பில்களுக்கு. அந்த நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அடுத்து, உத்யம் பதிவுள்ள சிறு உற்பத்தியாளர்கள். ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் அவர்களுக்குத் தராமல் நிறுத்திய தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. கணக்குப் புத்தகம் வைத்து வரி கட்டுபவர் என்றால் இல்லாத லாபத்துக்கு வரி விழும். உங்கள் ஆடிட்டரிடம் இந்த இரண்டையும் பில் தேதிவாரியாகப் பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது மறுபடி கூட்டிப் பாருங்கள். வாடகை 26,000, சம்பளம் 44,000, மற்றவை 10,000, வட்டி 10,000: மொத்தம் 90,000. வியாபாரம் ஒரு ரூபாய்கூட ஏறாமல் அதே 1,44,000 நின்றால் மிஞ்சுவது 54,000. வீட்டுச் செலவு 55,000. புதுக்கடன் எதுவும் வாங்காமலே துண்டு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

கேரேஜ் வசூலில் வரும் 8 லட்சம் கடைக்குள் திரும்பப் போகக்கூடாது. ஆறு மாத வீட்டுச் செலவுக்கு 3,30,000-ஐ மனைவியோடு கூட்டுக் கணக்கில் வையுங்கள். மிச்சம் மகளின் கல்லூரிக்கு. போதாததற்குக் கல்விக் கடன் இருக்கிறது; 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் வங்கிகள் தருகின்றன. வீட்டின் பேரில் வாங்கும் கடனைவிட இது எவ்வளவோ மேல். பி.பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள், கடன்காரர்கள் நீதிமன்ற உத்தரவு வாங்கினாலும் அதை ஜப்தி செய்ய முடியாது, தனியுரிமையாளராகத் தொழில் செய்யும் உங்களுக்கு அது பெரிய அரண். ஃபண்டும் நகையும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். டேர்ம் இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. இல்லையென்றால் இந்த மாதமே எடுங்கள், அதையும் 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டப்படி மனைவி, மகள் பேரில் எடுங்கள். அந்தத் தொகையில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது.

தம்பி சொல்வதைத் தூக்கி எறியாதீர்கள். அவருடைய அக்கறை நியாயமானது. அவரை உட்காரவைத்து ஒரு தேதியைக் குறியுங்கள்: இன்றிலிருந்து ஒரு வருடம். அதற்குள் மாதத் துண்டு மறையவில்லை, அல்லது சப்ளையர் பாக்கி மறுபடி 3 லட்சத்தைத் தாண்டுகிறது என்றால், அப்போது கடையை ஒழுங்காகக் கணக்கு முடித்து மூடுங்கள். அன்று உங்களிடம் வீடு இருக்கும், பெரிய கடன் இருக்காது, பார்ட்ஸ் தெரிந்த இத்தனை வருட அனுபவம் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரிடமோ பெரிய ஒர்க்‌ஷாப்பிலோ அந்த அனுபவத்துக்கு வேலை உண்டு.

முதல் வேலை வங்கி மேனேஜரைப் பார்ப்பது. வங்கிக்குக் கொடுக்கும் அடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் (சரக்குக் கணக்கில்) 62 லட்சம் என்று பழையபடி எழுதிக் கொடுக்காதீர்கள். நகராத சரக்கைத் தனியாகக் காட்டுங்கள். டிராயிங் பவர் (சரக்கைப் பொறுத்து வங்கி எடுக்க விடும் தொகை) குறையும் என்ற பயத்தில் பலர் அதை மறைக்கிறார்கள். பின்னால் தணிக்கையில் தெரியவந்தால் அது பொய்க் கணக்காகிவிடும். மனையை விற்றுக் கடனைக் குறைக்கப் போகிறேன், ஆறு மாதம் லிமிட்டை வெட்டாதீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மனை ஈட்டில் இருப்பதால் அவர்களுடைய சம்மதம் இல்லாமல் விற்கவும் முடியாது. வாங்குபவர் வங்கிக்கே நேரடியாகப் பணம் கட்டி, பத்திரத்தை வங்கி விடுவிக்கும் வகையில் விற்பனை ஒப்பந்தத்தை எழுதச் சொல்லுங்கள்.