நோட்டரி முத்திரைக்கு 60 டாலரா?

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில் வசிக்கிறோம். என் மனைவிக்கு எங்கள் திருமணத்தின் அடிப்படையில் இரண்டு ஆண்டு நிபந்தனையுடன் க்ரீன் கார்டு கிடைத்தது. அந்த நிபந்தனையை நீக்க ஐ-751 விண்ணப்பத்துடன், எங்கள் திருமணம் உண்மையானது என்று சொல்லும் நண்பர்கள் இருவரின் வாக்குமூலங்களை இணைக்க விரும்புகிறோம். ஆவணச் சேவை நிலையம் ஒன்றில், கடிதத்தை அவர்களே எழுதி நோட்டரி முத்திரையும் பெற்றுத்தர ஒரு கடிதத்துக்கு 60 டாலர் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? ஒரு நண்பர் அண்மையில் சென்னைக்குத் திரும்பிவிட்டார். அவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கொடுக்காதீர்கள். கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு நோட்டரி வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 15 டாலர். மீதி 45 டாலர் கடிதம் எழுதித் தருவதற்கு. அந்த வேலையைத்தான் அவர்களிடம் ஒப்படைக்கவே கூடாது.

இந்தியாவில் வழக்கறிஞர்களையே நோட்டரியாகப் பார்த்துப் பழகியதால், இங்கும் அப்படித்தான் என்று நம்மவர்கள் பலர் நம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் வங்கி ஊழியரும் பார்சல் கடைக்காரரும்கூட நோட்டரியாக இருக்கலாம். வழக்கறிஞர் அல்லாத நோட்டரி சட்ட ஆலோசனை தரக்கூடாது. கையெழுத்திட்டவர் இன்னார், என் முன்னிலையில் சத்தியம் செய்து கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டுமே அவருடைய முத்திரை சாட்சி. கடிதத்தில் இருப்பது உண்மையா, போதுமா என்று அவர் பார்ப்பதில்லை.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குடிவரவு அதிகாரி பார்ப்பதோ அதைத்தான். நிபந்தனையுடன் கூடிய வசிப்புரிமை (அந்த க்ரீன் கார்டு) கிடைத்த நாளிலிருந்து உங்கள் இருவரையும் அறிந்தவர்கள், குறைந்தது இரண்டு பேர் எழுத வேண்டும் என்கிறது விண்ணப்பக் குறிப்பு. எழுதுபவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த இடம், உங்களுக்கு உறவு என்றால் என்ன உறவு, உங்கள் இல்வாழ்க்கை பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடிதத்தின் உயிர். “இருவரும் அன்பான தம்பதி” என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். “மார்ச் மாதம் அவர்கள் வீடு மாறியபோது என் வேனில்தான் சாமான்களை ஏற்றினோம். சாவியை இருவரும் சேர்ந்து வந்து வாங்கினார்கள். அன்றிரவு பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம்” என்று எழுத உடனிருந்தவரால்தான் முடியும். சேவை நிலையத்தில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு கடிதங்களை வாங்கி இணைத்தால், உண்மையான திருமணத்தின் மீதே சந்தேகம் விழும். பணம் போவதைவிட எனக்குக் கவலை அதுதான்.

இன்னொன்று: வாக்குமூலம் மட்டும் போதாது. கூட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி ஆகியவற்றுக்குத் துணையாகத்தான் அது நிற்கும்.

சென்னை நண்பர் நோட்டரியைத் தேடி அலைய வேண்டாம். அமெரிக்கத் தூதரகத்தில் ஒரு முத்திரைக்கு 50 டாலர்; அதுவும் தேவையில்லை. 1976-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று (தலைப்பு 28, பிரிவு 1746), பொய் சொன்னால் தண்டனைக்குரியது என்பதை ஏற்று, தேதியிட்டுக் கையெழுத்திட்ட எழுத்துமூல அறிவிப்புக்குச் சத்தியப் பிரமாணத்தின் வலுவைத் தருகிறது. அமெரிக்காவுக்கு வெளியே கையெழுத்திடுபவர் “அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின்கீழ்” என்ற தொடரையும் சேர்க்க வேண்டும். அதை மறந்துவிடாமல் அவரிடம் சொல்லுங்கள். சட்டத்திலேயே மாதிரி வாசகம் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் அப்படியே எடுத்தெழுதினால் போதும்.

இங்கிருக்கும் நண்பருக்கும் இதே வழி செல்லும். ஆனாலும் அவருடைய வங்கி வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக நோட்டரி செய்து தருமானால், முத்திரை வாங்கிவிடுவது நல்லது. முன்கூட்டியே கையெழுத்திட்டு எடுத்துச் செல்லக் கூடாது. அடையாள அட்டையுடன் போய், சத்தியம் செய்து, நோட்டரியின் கண்ணெதிரே கையெழுத்திட வேண்டும். அந்த வகைச் சான்றுக்கு ‘ஜுராட்’ என்று பெயர். பெயர் சொல்லியே கேட்கச் சொல்லுங்கள்.