தாம்பாளமும் மகளின் விருப்பமும்

வணக்கம்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் சீதனத்தோடு வந்த பித்தளைத் தாம்பாளம் ஒன்று இருக்கிறது. விளிம்பில் அவருடைய பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறார்கள். 1995இல் போருக்குப் பயந்து ஊரே வெளியேறிய இடப்பெயர்வில் அதைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போய், அடுத்த வருடம் வந்து எடுத்தோம். ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. அம்மாவின் சாமத்திய வீட்டுக்கும் (பூப்புனித நீராட்டு விழா) என்னுடையதற்கும் ஆலாத்தி எடுத்தது அதில்தான். எங்கள் இருவரின் கலியாணக் கூறைச் சேலையும் அதில்தான் வந்தது. இப்போது என் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். விழா வேண்டாம் என்று அழுகிறாள். அம்மாவோ, "அப்ப அந்தத் தட்டை இவளோட மூடி வைக்கிறதோ?" என்று கேட்கிறார். நெளிவை எடுத்து, பொலிஷ் போட்டு, ஷோகேசில் வைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. மண்டபம், மணவறை, வீடியோ என்று தன் உடம்பில் நடந்ததை ஊரைக் கூட்டிச் சொல்வது ஒரு பிள்ளைக்குக் கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சத்துக்கு நாம் மரியாதை கொடுக்க வேண்டும். ஆசைப்பட்டுச் செய்துகொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சந்தோஷமாகச் செய்யட்டும். உங்கள் மகள் அழுகிறாள் அல்லவா?

அம்மாவின் பதற்றமும் எனக்கு விளங்குகிறது. அந்த ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாண நகரோடு சேர்ந்த வலிகாமமே திரண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கிழக்கே தென்மராட்சிக்குப் போனது. பிள்ளையைத் தூக்குவதா, பாத்திரத்தைக் காவுவதா? கனமான சாமான்களைப் பலர் கிணற்றில் போட்டார்கள், வளவில் தாட்டார்கள். திரும்பி வந்தபோது எத்தனையோ வீடுகளுக்குக் கூரையே இல்லை. அப்படியான காலத்தில் கைக்குத் திரும்பக் கிடைத்த ஒன்றை இனி எடுக்க மாட்டோம் என்றால், அவருக்கு மனம் கேட்குமா?

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. சாமத்தியத்தையும் கலியாணத்தையும் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மகளுக்குப் பல்லு முளைத்தபோது கொழுக்கட்டை அவிக்கவில்லையா? வெள்ளைத் துணியில் பிள்ளையை இருத்தி, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்திய கொழுக்கட்டையைத் தலையில் கொட்டி, புத்தகம், பேனை, நகை எல்லாம் முன்னால் பரப்பி, எதை எடுக்கிறாள் என்று எல்லோரும் குனிந்து பார்த்திருப்பீர்களே. விஜயதசமிக்கு ஏடு தொடக்கியபோது பச்சையரிசியில் அவளுடைய விரலைப் பிடித்து 'அ' எழுதியது எந்தத் தட்டில்? அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதே தாம்பாளமாகத்தான் இருக்கும். அப்படியென்றால் அது ஏற்கெனவே உங்கள் மகளின் தட்டு.

இனி வருவதும் நிறைய இருக்கிறது. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வரும் நாள், பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் நாள், முதல் சம்பளத்தைச் சாமிப்படத்துக்கு முன் வைக்கும் நாள். ஒரு பெண் வளர்ந்துவிட்டாள் என்பதற்கு இவையும் அடையாளம்தான். அன்றைக்கெல்லாம் இதை எடுங்கள். கலியாணத்தைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம்.

ஷோகேஸ் வேண்டாம். கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். மெஷின் பொலிஷ் அறவே வேண்டாம். அது பித்தளையின் மேற்பரப்பைச் சுரண்டும், திரும்பத் திரும்பப் போட்டால் அம்மம்மாவின் பெயர் மழுங்கிப் போகும். பழப்புளியும் சலித்த சாம்பலும் போதும். பெயர் வெட்டிய இடத்தை மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். நெளிவு இருக்கட்டும். தட்டி எடுக்கப்போய் விளிம்பு வெடித்தால் யார் பொறுப்பு?

அப்புறம், விழா இல்லை என்பதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். மகளை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள்.

அன்புடன்.