மூவர் கோயிலில் மூன்றாவது எங்கே?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் பிள்ளைகளோடு போயிருந்தோம். நிற்பதோ இரண்டே கோயில். ‘மூவர்’ என்பது மும்மூர்த்திகளா, தேவார மூவரா? இடிந்ததைத் திரும்பக் கட்டிவிட்டால் என்ன?
– வாசகி ஒருவர், மணப்பாறை

பதில்: தேவார மூவர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கூட வந்தவர்களிடம் அடித்துச் சொல்லியும் இருக்கிறேன்! இரண்டுமே இல்லை. நடுக்கோயில் சுவரில், கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரால் ஒன்றும், மனைவியர் கற்றளி, வரகுணா பெயரால் இரண்டுமாக மூன்று விமானங்கள் (கருவறையும் அதன்மேல் எழும் கோபுரமும் சேர்ந்த கட்டடம்) எடுத்த செய்தி அதில்தான் வருகிறது. கற்றளி என்றால் கல்லால் கட்டிய கோயில். அந்த அரசிக்கு அதுவே பெயராக அமைந்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதியா, 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

சரி, மூன்றாவது எங்கே? வடக்குப் பக்கம் வெறும் அதிட்டானம், அதாவது கோயிலைத் தாங்கும் அடித்தள மேடை, மட்டும் கிடக்கிறதே, அதுதான். முதல் தடவை போனபோது அதன்மேல் உட்கார்ந்துகொண்டே “மூன்றாவது எங்கே?” என்று கேட்ட ஆள் நான்.

திரும்பக் கட்டுவதா? வேண்டவே வேண்டாம். புதுக்கல்லை ஏற்றினால் மிஞ்சியிருக்கும் பழைய அடித்தளமும் மறைந்துவிடும். பிள்ளைகளை அந்த வெறும் அதிட்டானத்தின் பக்கத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து நடுக்கோயிலைக் கீழிருந்து மேலாகப் பார்க்கச் சொல்லுங்கள்: சுவரில் கோட்டங்கள் (சிலை வைக்கும் மாடங்கள்), அதற்கு மேல் கூரை விளிம்புபோல் வளைந்து நீளும் கொடுங்கை, கொடுங்கையில் குதிரைக் குளம்பு போன்ற கூடுகள், அடியில் பூதகணங்கள், அப்புறம் மேல்தளம், கழுத்து, சிகரம். எது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அரை மணியில் பிடிபட்டுவிடும். பூதங்களை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள்.

மாலையில் போங்கள். கோயில்கள் மேற்குப் பார்த்தவை, சாயும் வெயில் முகப்பில் நேராக விழும். நான் ஒரு சித்திரை மாதம் உச்சி வெயிலில் போய் உள்ளங்கால் வெந்து திரும்பினேன்.

இன்னொன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், ‘கொடும்பை நெடுங்குளக் கோட்டகம்’ (கொடும்பை என்பது கொடும்பாளூர்தான்) போனால் பாதை சிவன் கைச் சூலம்போல் பிரியும் என்கிறான். அங்கேயும் மூன்று!

சுற்றிலும் சிறு கோயில்களின் அடித்தளங்கள் வரிசையாகத் தெரியும். எத்தனை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லி எனக்கு எழுதுங்கள்.