வேலி கேள்வி–பதில்: மூலைக்கல் ஏன் சாய்கிறது?

கம்பிவேலியைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். முதல் கடிதத்துக்கான விடை நீண்டுவிட்டது; மற்ற கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை அடங்கியிருப்பதால் அதைச் சுருக்கவில்லை.

கேள்வி: ஐயா, காரிமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு உள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஏழடிக் கல்தூண் நட்டு ஐந்து வரிசை முள்கம்பி கட்டினோம். இப்போது கம்பி தொய்ந்துவிட்டது. மூலைத் தூண்கள் உட்புறமாகச் சாய்ந்து, ஒன்று அரையடி மேலே எழும்பியும் விட்டது. ஒவ்வொரு மூலைக்கும் தோப்பின் உட்பக்கமாக ஒரு முட்டுக்கல் சாத்தியிருக்கிறோம். இன்னும் இரண்டு வரிசை கம்பி சேர்த்தால் வேலி இறுகிவிடும் என்று வேலை செய்தவர் சொல்கிறார். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்க வேண்டாம். உங்கள் வேலியின் குறை கம்பியில் இல்லை, மூலையில் இருக்கிறது. கம்பி கூடக்கூட மூலை இன்னும் வேகமாகச் சாயும்.

வேலியின் நடுவில் நிற்கும் தூண்களுக்குப் பெரிய வேலை எதுவும் கிடையாது. கம்பி அவற்றை இருபுறமும் ஒரே அளவில் இழுப்பதால் ஓர் இழுப்பு மற்றோர் இழுப்பைச் சமன் செய்துவிடுகிறது. கம்பியை உரிய உயரத்தில் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே அவற்றின் கடமை. கடைசித் தூணோ ஒரே பக்கமாக இழுபடுகிறது. ஒரு கம்பியை 100 கிலோ அளவுக்கு இறுக்கியிருப்பதாக வைத்துக்கொண்டால், ஐந்து கம்பிகளும் சேர்ந்து அந்தத் தூணை 500 கிலோ விசையோடு இரவும் பகலும் இழுத்தபடி இருக்கின்றன. செங்கோணமாகத் திரும்பும் மூலையில் இரண்டு வரிசைகளின் இழுப்பும் சேர்ந்து, தோப்பின் நடுவை நோக்கி ஏறத்தாழ 700 கிலோ விசையாகிறது. உங்கள் தூண் உட்புறமாகச் சாய்ந்ததற்குக் காரணம் இதுதான்.

அது எழும்பியதற்குக் காரணம் வேறு. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. முட்டுக்கல் தூணைச் சாயவிடாமல் தள்ளும்போது, தான் சாய்ந்து நிற்கும் கோணத்துக்கு ஏற்ப அதை மேல்நோக்கியும் தூக்குகிறது. முட்டின் தலை தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் தூணைத் தொடுகிறது, அதன் அடி மூன்றரை அடி தள்ளி நிலத்தில் ஊன்றியிருக்கிறது என்றால், அது 45 டிகிரிச் சாய்வு. அந்த நிலையில் முட்டு பக்கவாட்டில் எவ்வளவு விசையைத் தாங்குகிறதோ, அதே அளவு விசை தூணை மேலே தூக்கும். ஐந்து கம்பிகளும் தரையிலிருந்து சராசரியாக இரண்டரை அடி உயரத்தில் இழுப்பதாகக் கொண்டால், ஒரு வரிசைக்கு முட்டின் பங்கு சுமார் 350 கிலோ ஆகிறது. தூணைத் தூக்கும் விசையும் அதே 350 கிலோதான். அரையடிச் சதுரமும் எட்டடி நீளமும் உள்ள கருங்கல் தூணின் எடையே 150 கிலோ அளவில்தான் இருக்கும். மீதியை இரண்டடி ஆழத்துச் செம்மண் பிடித்து நிறுத்த வேண்டும்; மழையில் ஊறிய மண் அவ்வளவு தூரம் உழைக்காது.

முட்டின் அடியை ஆறடி தள்ளி ஊன்றினால் சாய்வு 30 டிகிரி ஆகிவிடும். தூக்கும் விசையும் 350 கிலோவிலிருந்து 200 கிலோவாக இறங்கிவிடும். ஒரே ஒரு வரிசை முடியும் தூணில், கல்லின் எடை போக மண்ணின் பங்கு 50 கிலோதான். இத்தனை மாற்றத்துக்கும் ஆகும் செலவு, முட்டுக்கல்லின் நீளத்தில் கூடும் இரண்டு மூன்று அடி மட்டுமே. செலவை மிச்சப்படுத்துவதாக நினைத்து, உடைந்த தூண்களின் துண்டுகளை முட்டுக்குப் பயன்படுத்தும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. முட்டுக்குத்தான் நல்ல நீளமான கல் வேண்டும். துண்டுக் கல்லை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூலைக்கு ஒரே முட்டு என்பது இரண்டாவது பிழை. மூலைவிட்டத் திசையில் வைத்த ஒற்றை முட்டு, இரண்டு வரிசைகளும் ஒரே அளவில் இழுக்கும்வரை தாங்கும்; ஒரு பக்கம் கம்பி அறுந்தாலும் தளர்ந்தாலும் தூண் மறுபக்கம் திருகிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வரிசையின் நேர்கோட்டிலும் ஒரு முட்டாக, மூலைக்கு இரண்டு முட்டுகள் வையுங்கள். முட்டின் அடி வெறும் மண்ணில் நிற்கக் கூடாது; கிளறாத கெட்டி மண்ணில் சாய்வாகக் குழி வெட்டி, அதில் ஒரு பட்டைக் கல்லைச் சாத்தி, அக்கல்லின் மேல் முட்டு உட்காரும்படி செய்ய வேண்டும்.

இருக்கும் வேலியைச் சீர்செய்யும்போது முதலில் கம்பியைத் தளர்த்துங்கள். கம்பி இறுகியிருக்கும் நிலையில் தூணை நெம்பி நிமிர்த்தினால் கல் தரைமட்டத்தில் பட்டென்று ஒடியும். கருங்கல் எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும், ஆனால் வளைவைத் தாங்காது. மூலைக்கு எட்டடிக்குக் குறையாத தூண் வாங்கி மூன்றடி ஆழத்தில் நடவும். குழியின் வாயைக் குறுகலாகவும் அடியை அகலமாகவும் வெட்டினால், அதில் இடும் கான்கிரீட்டின் மேல் மண் உட்கார்ந்துகொண்டு தூணை எழும்ப விடாது. வாங்கும்போது கல்லைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று பொருள். நடுத்தூண்களுக்குக் கான்கிரீட் வேண்டியதில்லை. அரையடிக்கு ஒரு முறை மண்ணும் சல்லியும் போட்டுக் கடப்பாரையின் பின்முனையால் குத்தி இறுக்கினாலே போதும்; குழியை ஒரே தடவையில் நிரப்பிவிட்டு மேலே மட்டும் மிதித்துவிடுவதுதான் தூண் ஆடுவதற்குப் பாதிக் காரணம். நேர்வரிசை நீளமாக இருந்தால் சுமார் 100 அடிக்கு ஒரு தூணுக்கு இருபுறமும் முட்டு கொடுங்கள். ஓரிடத்தில் கம்பி அறுந்தாலும் அந்தப் பகுதி மட்டும்தான் தளரும்.

கேள்வி: மூலையில் முட்டுக்குப் பதிலாக இரட்டைத் தூண் நட்டு, நடுவில் குழாய் வைத்துக் குறுக்குக் கம்பி இழுக்கலாம் என்கிறார்கள். அது நல்லதா? (பர்கூர்)

பதில்: மிகவும் நல்லது, குறுக்குக் கம்பியைச் சரியான மூலைவிட்டத்தில் கட்டினால். மூலைத் தூணிலிருந்து எட்டடி தள்ளி இரண்டாவது தூணை நட்டு, இரண்டின் மேற்பகுதிக்கும் இடையே இரண்டங்குல ஜி.ஐ. குழாயைப் படுக்கையாகப் பொருத்த வேண்டும். வேலிக்கம்பி மூலைத் தூணின் தலையை இழுக்கும்போது, குழாய் அந்த விசையை இரண்டாவது தூணின் தலைக்குக் கடத்துகிறது. எனவே சாய முயல்வது இரண்டாவது தூண். அதன் தலையைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால், குறுக்குக் கம்பி இரண்டாவது தூணின் மேல்முனையிலிருந்து மூலைத் தூணின் அடிக்கு வர வேண்டும். மாற்றிக் கட்டினால் அக்கம்பி சும்மா தொங்கும். நான் பார்த்த பல தோட்டங்களில் அது மாற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. கட்டியவர்களைக் கேட்டால் அழகாக இருக்கிறது என்கிறார்கள்.

கேள்வி: மார்கழியில் நன்றாக இறுக்கிக் கட்டிய கம்பி சித்திரையில் தொங்குகிறது. கம்பி மட்டமானதா? (ஓசூர்)

பதில்: கம்பியைக் குற்றம் சொல்ல முடியாது. 100 மீட்டர் எஃகுக் கம்பி, வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளும். ஓசூரின் மார்கழிக் காலைக்கும் சித்திரை நண்பகல் வெயிலில் காயும் கம்பிக்கும் இடையில் அந்த வேறுபாடு எளிதாக வந்துவிடும். கடுங்குளிரிலும் உச்சிவெயிலிலும் கட்டாமல், இரண்டுக்கும் நடுவான வேளையில் கட்டுவதே முறை. வெயிலில் முறுக்கேற்றிக் கட்டிய கம்பி குளிரில் சுருங்கி மூலைத் தூணைக் கூடுதலாக இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முள்கம்பியில் இரண்டு இழைகள் முறுக்கியிருப்பதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1874ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி காப்புரிமை பெற்ற முறை அது. முள் நழுவாமலிருக்க இரண்டாவது இழையை முறுக்கினார். அந்த முறுக்கு சுருள்வில்லைப் போலச் சிறிது நீட்சியையும் சுருக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறது. டிராக்டரைக் கட்டி இழுத்தால் அந்த முறுக்கே செத்துப்போகும். அறுந்த கம்பி ஆளையும் வெட்டும். கைப்பிடிப் புல்லரால் இழுங்கள். கையுறை அணியுங்கள், இழுக்கும்போது கம்பியின் நேர்கோட்டில் எவரும் நிற்க வேண்டாம்.

கம்பி வாங்கும்போது கேஜ் எண் கூடினால் கனம் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்: 12 கேஜ் என்பது சுமார் 2.64 மில்லிமீட்டர், 14 கேஜ் சுமார் 2.03 மில்லிமீட்டர். கனத்தோடு துத்தநாகப் பூச்சின் அளவையும் கேளுங்கள். பூச்சு தடிமனாக இருந்தால் துரு தாமதமாகும். பளபளப்பை வைத்து அதை அறிய முடியாது. முள்கம்பிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 278. சுருளில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

கேள்வி: எங்கள் நிலத்தின் குறுக்கே ஓடை போகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் வேலியை ஒவ்வோர் ஆண்டும் அடித்துப் போகிறது. (பென்னாகரம்)

பதில்: வேலியை ஓடைக்குள் இறக்கி ஏற்றாமல், இரு கரைகளிலும் முட்டுக் கொடுத்த கடைத்தூண்களை நட்டு, வேலியை அங்கேயே முடித்துவிடுங்கள். இரண்டு தூண்களுக்கும் இடையே மேலே ஒரே ஒரு கனத்த கம்பியை இழுத்து, மூங்கிலையோ சவுக்குக் கழிகளையோ அதிலிருந்து திரைபோலத் தொங்கவிடுங்கள். ஆடுமாடு முட்டினால் அது தடுக்கும். வெள்ளம் வந்தால் தட்டி தூக்கிக்கொண்டு செத்தையை விட்டுவிடும். பெருவெள்ளத்தில் தட்டி போனாலும் வேலி நிற்கும். ஆழமில்லாத பள்ளமாக இருந்து வேலியை அதன் வழியே கொண்டுபோனால், பள்ளத்தில் நிற்கும் தூணை இரு மேடுகளுக்கும் இடையே இழுபடும் கம்பி மேல்நோக்கிப் பிடுங்கும். அந்தத் தூணுக்கடியில் ஒரு பெரிய கல்லைப் புதைத்து, கம்பியால் அதோடு கட்டிவிட வேண்டும்.

கேள்வி: காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. யானையும் அவ்வப்போது வருகிறது. முள்கம்பியில் மின்சாரம் கொடுக்கலாமா? (தேன்கனிக்கோட்டை)

பதில்: கூடவே கூடாது. வீட்டு இணைப்பிலிருந்தோ பம்புசெட்டிலிருந்தோ மின்சாரம் எடுத்து வேலியில் விடுவது குற்றம். கொல்வதும் விலங்கை மட்டுமல்ல, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் உங்கள் வீட்டாரையும்தான். 2023 மார்ச்சில் பாலக்கோடு வட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்ததையும், இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றதையும் இந்தப் பக்கத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சூரிய மின்வேலி வேறு வகை. அதிலுள்ள கருவி நொடிக்கு ஒரு தடவை போல, கண் இமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டும் அதிர்ச்சியை அனுப்பும். விலங்கு விலகிக்கொள்ள இடைவெளி கிடைக்கும். அதற்கும் 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி அனுமதியும் பதிவும் தேவை; வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அந்தக் கம்பியை முள்கம்பியோடு சேர்த்துக் கட்டக் கூடாது. முள்ளில் மாட்டிய உயிர் விலக முடியாமல் திரும்பத் திரும்ப அதிர்ச்சி வாங்கும்.

பன்றி வேலியைத் தாண்டுவதில்லை, அடியில் நுழைகிறது. ஆகவே செயின்லிங்க் வலையின் கீழ்விளிம்பை ஓரடி மண்ணில் புதைத்து, வெளிப்புறமாகக் கற்களை வரிசையாக அடுக்குங்கள். வலையைத் தூணின் வெளிப்பக்கத்தில் கட்டினால், பன்றி முட்டும்போது வலை தூணில் சாயும். உட்பக்கம் கட்டினால் அந்த முட்டெல்லாம் கட்டுக்கம்பியின் தலையில் விழும். யானையை எந்தக் கம்பிவேலியும் நிறுத்தாது என்பதால், அதற்காக வலைக்குக் கூடுதல் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: வேலி நன்றாக இருக்கிறது, கேட்டு மட்டும் ஒரு வருடமாகப் பூட்டுக்குப் பொருந்துவதில்லை. (ஊத்தங்கரை)

பதில்: கேட்டைத் தாங்கும் தூணிலேயே வேலிக்கம்பியையும் முடித்திருப்பீர்கள். கம்பியின் இழுப்பில் அந்தத் தூண் வேலிப்பக்கமாக நகர, கேட்டின் நாக்கு பூட்டை விட்டு விலகிவிட்டது. கேட்டுத் தூணுக்கு ஓரடி முன்னால் வேறொரு கடைத்தூணை முட்டுடன் நட்டு, கம்பி அனைத்தையும் அதற்கு மாற்றுங்கள். கம்பியின் பிடி விட்ட பிறகு கேட்டுத் தூணைச் சுற்றிக் கிளறி, தூக்குக்குண்டு வைத்து நிமிர்த்தி மீண்டும் இறுக்கினால் பழைய பூட்டே பொருந்தும்.