பலப்பட்டபோது: பெருமையும் பதவி ஆசையும் பற்றி ஒரு கேள்வி பதில்

இருபது வருடங்களுக்கும் மேலாக சபையில் வேதபாடம் நடத்தி வருகிறேன். "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்" என்ற நீதிமொழிகள் 4:23-ஐ வைத்துக் கேள்வி கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் பெருமையைப் பற்றித்தான். அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன், நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆராதனையில் பாடுகிறேன். முடிந்ததும் யாராவது வந்து "இன்றைக்கு உங்கள் பாட்டு மனதைத் தொட்டது" என்றால் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கிறது. இது பெருமையா, ஐயா?

சந்தோஷப்படுவதில் தப்பில்லை, சகோதரி. நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வார்த்தை வராத வாரத்தில் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தி கொடுத்துவிட்டு வாசலில் நின்றிருந்தேன். வயதான ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகனின் வியாதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். காது மட்டும் அவரிடம் இல்லை. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள், அது என் செய்தியைப் பற்றித்தானா என்று என் காது பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை விட்டுவிட்டு நடந்தபோதுதான் உறைத்தது: மகனின் பெயரைக்கூட நான் மனதில் வாங்கவில்லை. அன்று ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தேன், அவனுக்காக ஜெபிக்கப் பெயர் இல்லை.

பெருமை என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பது என்று நினைத்திருந்தேன். எதிரில் நிற்கும் மனிதன் மறைந்துபோவதுதான் அது என்று அன்றைக்குப் புரிந்தது. உங்கள் பாட்டைப் பாராட்டியவரின் முகம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருந்தால் பயப்படாதீர்கள்.

கேள்வி: கஷ்டத்தில் இருந்தபோது நான் தேவனை அதிகமாகச் சார்ந்திருந்தேன். இப்போது எல்லாம் நன்றாகப் போகிறது, ஊழியமும் வளருகிறது. ஆனால் உள்ளே ஏதோ வறண்டுபோன மாதிரி இருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு யூதாவை ஆண்ட உசியா ராஜாவை விட நல்ல பதில் என்னிடம் இல்லை. 2 நாளாகமம் 26-ஐ ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். 16 வயதில் ராஜாவானான், 52 வருடம் ஆண்டான். கோபுரங்கள் கட்டினான், துரவுகள் வெட்டினான், பயிர்த்தொழிலை நேசித்தான். அவன் படையில் 3,07,500 பேர். இவ்வளவுக்கும் காரணம் ஒன்றே ஒன்று: அவனுக்கு ஆச்சரியமாய் உதவி கிடைத்தது. எதுவரைக்கும்? அவன் பலப்படும்வரைக்கும். அடுத்த வசனமே, பலப்பட்டபோது அவன் மனம் மேட்டிமையானது என்று தொடங்குகிறது. ஆசாரியர் மட்டுமே செய்யவேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்ய ஆலயத்துக்குள் நுழைந்தான். அசரியாவும் 80 ஆசாரியர்களும் தடுத்தார்கள். தூபகலசம் கையில் இருக்கும்போதே கோபப்பட்டான், கோபப்பட்ட நெற்றியிலேயே குஷ்டம் தோன்றியது.

நான் இந்த அதிகாரத்தில் நெடுநேரம் நிற்பது 15-ம் வசனத்துக்கும் 16-ம் வசனத்துக்கும் நடுவே. உதவி வந்த அதே இடத்தில்தான் பெருமை என்ற களை முளைத்தது. தோற்றுப்போனவனுக்கு இந்த ஆபத்து இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் காவல் அதிகம் தேவைப்படுவது வேலை நன்றாக முடிந்த நாளில்தான். நாம் அன்றைக்குத்தான் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். உங்கள் ஊழியம் இந்த நிலைக்கு வர உதவியவர்களை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் வாய்ப்பு கொடுத்தவர், தப்பைத் திருத்தியவர், பணம் கொடுத்தவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் என்று ஒருவரையும் விடாதீர்கள். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று பவுல் கொரிந்தியரைக் கேட்டதற்கு (1 கொரிந்தியர் 4:7) உங்கள் பதில் அந்தத் தாளில் இருக்கும். எழுதி முடித்ததும் அவர்களில் ஒருவருக்காவது போன் செய்யுங்கள்.

கேள்வி: பிரசங்கியாக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. இப்படி ஆசைப்படுவதே சுயநலம் என்று ஒரு நண்பன் சொல்கிறான். சரியா, அண்ணா?

இல்லை, தம்பி. "கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்" என்று 1 தீமோத்தேயு 3:1-ல் பவுலே சொல்கிறார். கண்காணிப்பு என்றால் சபையை மேற்பார்க்கும் பொறுப்பு. கிறிஸ்துவின் பெயரே கேள்விப்படாத இடத்தில் சுவிசேஷம் சொல்லவேண்டும் என்று அவருக்கும் பெரிய ஆசை இருந்தது (ரோமர் 15:20).

பிலிப்பியர் 2:3-ல் விலக்கப்படுவது வேறு ஆசை. "வாதினாலாவது வீண்பெருமையினாலாவது" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வருகிறதே, அந்த 'வாது' கிரேக்கத்தில் 'எரிதெயா'. கூலியாளைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. அரிஸ்டாட்டில் அதைப் பதவி பிடிக்க ஆள் சேர்ப்பதற்குப் பயன்படுத்துகிறார். யாக்கோபு 3:16-லும் அதே சொல்தான். அது இருக்கும் இடத்தில் கலகம் இருக்கும் என்கிறார் யாக்கோபு. அப்படியானால் உன்னையே நீ கேட்டுக்கொள்ள வேண்டியது: எனக்கு வேலை வேண்டுமா, இடம் வேண்டுமா? பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் ஞாயிறு பள்ளி வகுப்பை இந்த வாரம் உன்னிடம் கொடுத்தால், அதே ஆசையோடு தயார் செய்வாயா? செய்வாய் என்றால் ஆசையை வளர்த்துக்கொள். இன்னொன்று, அவசரப்படாதே. நூதன சீஷனுக்கு, அதாவது விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவனுக்கு, பொறுப்பு கொடுக்க வேண்டாம் என்று அதே அதிகாரம் 6-ம் வசனத்தில் சொல்லியிருப்பது, அவன் இறுமாப்படைந்து விழக்கூடாது என்ற அக்கறையில்தான்.

கேள்வி: ஏழைகளுக்கு உதவி செய்வதைப் போட்டோ எடுத்துப் போடலாமா?

வாங்குகிறவரின் முகம் வேண்டாம். உங்கள் முகமும் வேண்டாம். கணக்குக் காட்டவேண்டிய இடத்தில் கணக்கைக் காட்டுங்கள். மத்தேயு 6-ன் முதல் நான்கு வசனங்கள் தெளிவாக இருக்கின்றன, அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

கேள்வி: பன்னிரண்டு வருடம் பெண்கள் கூட்டத்தை நடத்தினேன். போன வருடம் நான் பயிற்சி கொடுத்த பெண்ணிடமே அதை ஒப்படைத்தார்கள். அவள் என்னை விட நன்றாகச் செய்கிறாள். எல்லாரும் சொல்கிறார்கள். வெளியே சிரிக்கிறேன், உள்ளே எரிகிறது.

அம்மா, இதை எழுதவே உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும். மறைத்து வைத்திருந்தால்தான் ஆபத்து. நீங்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

பர்னபாவை நினைத்துக்கொள்ளுங்கள். எருசலேமில் எல்லாரும் சவுலை (பின்பு பவுல் என்று அழைக்கப்பட்டவரை) கண்டு பயந்து ஒதுங்கியபோது, அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் கூட்டிப்போனது அவர்தான். அந்தியோகியாவில் வேலை பெருகியபோது தர்சுவுக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வந்ததும் அவர்தான் (அப்போஸ்தலர் 11:25). 13-ம் அதிகாரம் தொடங்கும்போது 'பர்னபாவும் சவுலும்'. அந்த அதிகாரம் முடிவதற்குள் 'பவுலும் பர்னபாவும்'. லூக்கா இதற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை, பெயர்களின் வரிசை மட்டும் மாறிவிடுகிறது. பின்னால் மாற்கு என்பவரைக் கூட்டிப்போவதா என்ற விஷயத்தில் இருவருக்கும் கடுமையான வாக்குவாதம் வந்து பிரிந்தார்கள், உண்மைதான். ஆனால் யார் பெயர் முன்னால் வரவேண்டும் என்று பர்னபா முகம் வாடியதாக ஒரு வரிகூட இல்லை.

மோசேயும் அப்படித்தான். எல்தாத், மேதாத் என்ற இருவர் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள் என்று செய்தி வந்ததும் அவருடைய ஊழியக்காரன் யோசுவா, தடை பண்ணும் என்கிறான். மோசே என்ன சொன்னார்? நீ எனக்காக வைராக்கியம் காட்டுகிறாயோ, ஜனங்கள் எல்லாரும் தீர்க்கதரிசிகளாக இருந்தால் நல்லது என்றார் (எண்ணாகமம் 11:29). உங்களுக்காகக் கோபப்படுகிற யோசுவாக்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள், அம்மா. "உங்கள் காலத்தில் மாதிரி வருமா" என்பார்கள். கேட்க இதமாக இருக்கும். அங்கே பேச்சை மாற்றிவிடுங்கள்.

எரிச்சல் ஒரே நாளில் போகாது. அந்தப் பெண்ணுக்காகத் தினமும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவள் கூட்டம் நன்றாக நடக்கவேண்டும் என்று ஜெபிக்கும்போது முதலில் வாய் மட்டும்தான் சொல்லும். பரவாயில்லை, சொல்லுங்கள். எனக்கு ஒரு விஷயத்தில் மனம் கூட வந்து சேர நாலைந்து மாதம் ஆனது.

கேள்வி: எங்கள் சபை மூப்பர் ஒருவர் தியோத்திரேப்பு மாதிரியே இருக்கிறார். எல்லாம் அவர் கையில்தான். என்ன செய்வது?

முதன்மையாயிருக்க விரும்பிய தியோத்திரேப்பு சகோதரரைச் சபைக்குப் புறம்பே தள்ளினான் என்று 3 யோவான் சொல்கிறது. யோவான் அதைக் கண்டும் காணாமல் விடவில்லை, வந்தால் அவன் செய்கையைப் பேசுவேன் என்று எழுதினார். ஆகவே நேர்மையாகக் கேட்பதற்கு இடம் உண்டு. தனியாகப் பேசுங்கள், பிறகு மற்ற மூப்பர்களோடு சேர்ந்து பேசுங்கள். பலவீனமானவர்களை அவர் நசுக்குகிறார் என்றால் பொறுத்துக்கொள்வதைத் தாழ்மை என்று சொல்லாதீர்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. அடுத்தவர் பெருமையைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும் கண்ணுக்கு ஒரு ருசி வந்துவிடும். இயேசுவின் உவமையில், தன்னை நீதிமான் என்று நம்பிய பரிசேயன் வரி வசூலிப்பவனைப் பார்த்து "இந்த ஆயக்காரனைப்போல் இல்லை" என்று செய்த ஜெபத்தை, "இந்தப் பரிசேயனைப்போல் இல்லை" என்று மாற்றி ஜெபிக்க நமக்கு நேரமே ஆகாது.

கேள்வி: தாழ்மையாக இருக்க முயற்சி செய்கிறேன். கொஞ்சம் முன்னேறினால், "பார், எவ்வளவு தாழ்மையாக இருக்கிறேன்" என்று ஒரு நினைப்பு வருகிறது. இதற்கு முடிவே இல்லையா?

5-ம் நூற்றாண்டில் துறவிகளுக்காக எழுதிய யோவான் காசியன் வீண்புகழ்ச்சியை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார். ஒரு தோலை உரித்தால் உள்ளே இன்னொரு தோல். நீங்கள் தனியாக இல்லை.

உரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. தன்னையே அளந்து பார்க்கிறவன் எந்த அளவு வந்தாலும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த நினைப்பு வந்ததும் "ஆண்டவரே, இதுவும் என்னுடையதுதான், மன்னியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து கையில் இருக்கும் வேலையைச் செய்யுங்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, நான் புழு" என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். பவுல், மற்ற அப்போஸ்தலர் எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்று தயங்காமல் எழுதினார். அதே வசனத்தில், நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே என்றும் எழுதினார் (1 கொரிந்தியர் 15:10). இரண்டும் உண்மை. அவர் எதையும் மறைக்கவில்லை.

கேள்வி: தலைமைக்கு வரவேண்டும் என்று ஒரு நண்பனைப் பற்றி மற்றவர்களிடம் குறைவாகப் பேசினேன். அவன் விலகிப் போய்விட்டான், இடம் எனக்கு வந்தது. மூன்று வருடம் ஆகிறது. தேவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், சமாதானம் இல்லை. முதலில் யாரிடம் போகவேண்டும்?

செபெதேயுவின் மகன்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவின் மகிமையில் அவருக்கு வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்டார்கள். இயேசு அவர்களைத் துரத்திவிடவில்லை. தலைமை இடம் கேட்ட அந்த யாக்கோபுதான் பின்பு ஏரோதின் பட்டயத்தால் ஆண்டவருக்காக உயிரைக் கொடுத்தான் (அப்போஸ்தலர் 12:2). உங்கள் கதை இந்த மூன்று வருடத்தோடு முடியவேண்டியதில்லை, தம்பி.

ஆனால் இஸ்ரவேலை ஆண்ட சவுல் ராஜாவின் மனந்திரும்புதல் உங்களுக்கு வேண்டாம். பாவஞ்செய்தேன் என்று சாமுவேல் தீர்க்கதரிசியிடம் சொன்ன அதே வாயால், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான் (1 சாமுவேல் 15:30). அவனுக்குப் பெயர் காப்பாற்றப்பட வேண்டியிருந்தது.

முதலில் நண்பனிடம் போங்கள். யார் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 'ஆனால்' என்ற வார்த்தை வேண்டாம். அவன் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். உடனே மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம், நீங்கள் குறைவாகப் பேசினீர்களே, அந்த ஒவ்வொருவரிடமும் போய், சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். பொறுப்பை விடவேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யாமல் மூப்பர்களிடம் விட்டுவிடுங்கள்.

நண்பனைப் பார்க்கப் போகிற நாள் முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த நேரத்தில் நான் உங்கள் இருவர் பெயரையும் சொல்லி ஜெபித்துக்கொண்டிருப்பேன்.