மவுஸ் மட்டும் பழகிய அட்மின் வெளிநாடு வரலாமா?

அடுத்த மாதம் வெளிநாட்டில் சிஸ்டம் அட்மின் வேலையில் சேர்கிறீர்கள், இதுவரை எல்லாவற்றையும் மவுஸால் கிளிக் செய்தே பழகியவர், கீபோர்டில் தட்டும் கமாண்ட் வரிகள் தெரியாமல் அங்கே காலம் தள்ள முடியுமா, வீடு, குளிருடை எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வீடும் உடையும் வந்து இறங்கினால் தானாக அமையும், விடுங்கள். கமாண்ட் விஷயம்தான் முக்கியம். நானும் உங்களைப் போலவே வந்தவன்.

ஆரம்பத்தில் என்னை வாட்டியது தொலைபேசிதான். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் வேறொரு நாட்டில் இருக்கும் ஆளோடு பேச வேண்டும். "இடப்பக்க மெனுவைத் திற, மூன்றாவது டேபுக்குப் போ" என்று நான் சொல்வது அவருக்குப் புரியாது. அவர் பேசுவது எனக்குப் பிடிபடாது. போதாததற்கு, அவர் திரையில் மெனுவே வேறு மொழியில் இருக்கும். கமாண்ட் என்றால் ஒரே வரி. சாட்டில் ஒட்டினால் அவர் ஓட்டிப் பார்த்து, வந்ததை அப்படியே திருப்பி ஒட்டுவார். என் உச்சரிப்பை வைத்து எடைபோட்டவர்கள், அப்புறம் அந்த வரிகளை வைத்து எடைபோட்டார்கள்.

விண்டோஸ் ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் கமாண்ட் கருவியான பவர்ஷெல் 2006-லேயே வந்துவிட்டது. விண்டோஸ் சர்வர் 2008-இல் வந்த சர்வர் கோர் என்ற சுருக்கமான வடிவத்தில் லாகின் செய்தால் ஸ்டார்ட் மெனுவே கிடையாது, ஒரு கமாண்ட் விண்டோதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தொலைவில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) அமைப்பை மாற்றினால், அதை ரீஸ்டார்ட் செய்யுமுன் 'sshd -t' கொடுத்து அமைப்பு ஃபைலைச் சரிபாருங்கள். பழைய செஷனை மூடாமல் இன்னொரு செஷனில் லாகின் ஆகிப் பாருங்கள். ஃபயர்வால் விதிகளை மாற்றும்போது அதுவும் போதாது, திறந்திருக்கும் செஷனே அறுந்துபோகலாம். பத்து நிமிடத்தில் பழைய விதிகள் தானாகத் திரும்பும்படி ஒரு 'அட்' (at) ஜாப், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை, போட்டுவிட்டுத் தொடங்குங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஜாபை நீக்கிவிடலாம். எங்கோ பார்த்த கமாண்டை அர்த்தம் தெரியாமல், முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

எங்களுக்கு முன்னால் வந்த நம் ஆட்கள் சிலர், மவுஸைத் தொட்டாலே இளப்பமாகப் பார்ப்பார்கள். கேள்வி கேட்டால் "மேன் பேஜைப் படி", அதாவது கமாண்டின் கையேட்டைப் படி, என்பார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. ஒரு வார டிஸ்க் பயன்பாடு எப்படி ஏறுகிறது என்பதை வரைபடம் காட்டுவதுபோல் வெறும் எண்கள் காட்டாது. நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைச் சர்வரில் டிசிபிடம்ப் என்ற கமாண்டால் பிடித்தாலும், அந்த ஃபைலை என் கணினிக்குக் கொண்டுவந்து, மவுஸால் பார்க்கும் வயர்ஷார்க்கில்தான் திறப்பேன்.

கிளிக் செய்துகொண்டே கமாண்ட் கற்கவும் வழி உண்டு. விண்டோஸ் சர்வர் 2012 முதல், யூசர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி அட்மினிஸ்ட்ரேட்டிவ் சென்டர் திரையின் அடியில் பவர்ஷெல் ஹிஸ்டரி என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு யூசரை மவுஸால் சேர்த்தால், அதற்கான கமாண்ட் அங்கே வந்து நிற்கும். நான் அதை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பேன். புரிந்ததை ஒரு ஃபைலில் குறிப்போடு சேர்த்து வைத்தேன். எங்கள் குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதலில் அந்த ஃபைலைத்தான் கொடுக்கிறேன்.