சிக்மா மீசான் நிஜமா இருக்கா இல்லையா: பயான் ஸ்கேட்டரிங் கேள்வி பதில்

பயான்ங்கறது குவார்க்கால ஆன லேசான ஒரு துகள், மீசான் வகை. ரெண்டு பயான் மோதி சிதறறது தான் பயான்-பயான் ஸ்கேட்டரிங். அது, சிக்மா, அதோட சொந்தக்கார மீசான்கள் கப்பா, எஃப்0(980), ஏ0(980) (பிராக்கெட்ல இருக்கறது எம்இவில மாஸ்), இந்த ஏரியால என்ன வேணா கேளுங்க. சிக்மா பத்தி கேக்கறவங்க பிரைட்-விக்னர் ஃபிட்ட (ஒல்லியான துகளோட மேட்டுக்குப் பொருத்தற ஃபார்முலா) வீட்டுலயே வெச்சுட்டு வாங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

கார்த்தி: அக்கா, பயான் 26 நானோசெகண்ட்ல காலி ஆயிடுது. அத இன்னொரு பயான் மேல எப்படி மோத விடறாங்க?

பயான்லயே ஒரு டார்கெட் செய்ய முடியாது, அதனால சுத்து வழி தான். பழைய வழி என்னன்னா, பயான் பீம புரோட்டான் மேல விட்டு, புரோட்டான சுத்தி இருக்கற விர்ச்சுவல் பயான்ல (கொஞ்ச நேரம் மட்டும் தோணி மறையற பயான்) ஒண்ணோட மோதி ரெண்டு பயான் வெளிய வர்ற கேஸ மட்டும் பொறுக்கறது. 1970கள்ல செர்ன்-மியூனிக் குரூப் செஞ்சது இதான். டேட்டா ஏராளம், ஆனா விர்ச்சுவல் பயான்ல இருந்து நிஜ பயானுக்குப் போக ஒரு எக்ஸ்ட்ராபொலேஷன் போடணும், தப்பு எல்லாம் அங்க தான் உள்ள நுழையும்.

சுத்தமான வழி கேயான். சில கேயான் ரெண்டு பயான், ஒரு எலக்ட்ரான், ஒரு நியூட்ரினோன்னு உடையும். கடைசி ரெண்டுக்கும் ஸ்ட்ராங் ஃபோர்ஸ் தெரியாது, அதனால பயான் ரெண்டும் தங்களுக்குள்ள மட்டும் தான் மோதிக்கும், வேற யாரும் குறுக்க வர மாட்டாங்க. செர்ன்ல என்ஏ48/2ங்கற பரிசோதனை இத அளந்து ஐசோஸ்பின் 0 (சிக்மா வர்ற சேனல்) ஸ்கேட்டரிங் லென்த், அதாவது குறைஞ்ச எனர்ஜில மோதலோட பலம், 0.22 பக்கம்னு சொன்னாங்க, பயான் மாஸ் யூனிட்ல. வெயின்பெர்க் 1966ல கைரல் சிமெட்ரிய (ஸ்ட்ராங் ஃபோர்ஸோட ஒரு தோராய சமச்சீர்) மட்டும் வெச்சு போட்ட கணக்கு 0.16. அதுக்கு மேல லூப் திருத்தம், ராய் சமன்பாடு (கீழ வரும்) எல்லாம் சேர்த்து 2001ல தியரி சொன்னது 0.220, எர்ரர் 0.005. என்ஏ48/2 ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே சொன்னது. குறைஞ்ச எனர்ஜி ஸ்ட்ராங் ஃபோர்ஸ்ல இப்படி ஒத்துப் போறத பாக்கவே கொடுத்து வெச்சிருக்கணும்.

நிலா: சிக்மாவோட மாஸ் 400ல இருந்து 550னு போட்டிருக்கு. இவ்ளோ அளந்தும் இன்னும் சரியா தெரியலையா?

அது போலோட ரியல் பார்ட். போல்ங்கறது, எனர்ஜிய காம்ப்ளெக்ஸ் நம்பரா எடுத்தா ஸ்கேட்டரிங் ஆம்ப்ளிட்யூட் இன்ஃபினிட்டி ஆகற இடம், துகளோட நிஜ அடையாளம் அது தான். இமேஜினரி பார்ட் 200ல இருந்து 350 எம்இவி, அகலம் அதுக்கு ரெண்டு மடங்கு, அதாவது கிட்டத்தட்ட மாஸ் அளவுக்கே அகலம். இப்படி ஒண்ணுக்கு கிராஃப்ல மேடே வராது, மேட்ட நம்பற பிரைட்-விக்னர் இங்க வேலைக்கு ஆகாதது அதனால தான். ஃபேஸ் ஷிஃப்ட் (மோதலால அலை எவ்ளோ தள்ளிப் போகுதுங்கற கோணம், ஒல்லியான துகள்னா அதோட மாஸ் பக்கத்துலயே 90 தாண்டும்) 90 டிகிரி தாண்டறதே 800 எம்இவிக்கு மேல தான், அதுக்குள்ள எஃப்0(980) வேற வந்து கலக்குது. அதனால தான் பல வருஷம் இத பிடிஜி (துகள் தகவல் தொகுக்கற பார்ட்டிகிள் டேட்டா குரூப்) லிஸ்ட்லயே போடாம வெச்சிருந்தாங்க, 1996ல திரும்ப சேர்த்தப்பவும் ரேஞ்ச் 400–1200, சிரிப்பு வரும்.

ஆட்டத்த மாத்தினது ராய் சமன்பாடு. மும்பை டிஐஎஃப்ஆர் ஆராய்ச்சி நிலையத்து எஸ்.எம். ராய் 1971ல எழுதினது. காஸாலிட்டி (காரணத்துக்கு அப்புறம் தான் விளைவு), யூனிடாரிட்டி (எல்லா வாய்ப்பையும் கூட்டினா ஒண்ணு), கிராஸிங் சிமெட்ரி (உள்ள வர்ற துகளையும் வெளிய போற துகளையும் மாத்திப் போட்டாலும் அதே ஆம்ப்ளிட்யூட்), இதுக்கு மேல எந்த மாடலும் உள்ள கிடையாது. 2001ல அத நவீனமா தீர்த்த பேப்பர்ல பெங்களூரு ஐஐஎஸ்சி அனந்தநாராயண் ஒரு ஆள். 2006ல கப்ரினி, கொலாஞ்செலோ, லாய்ட்வைலர் மூணு பேரும் அத காம்ப்ளெக்ஸ் பிளேன்ல நீட்டிட்டுப் போய் போல் 441 ரியல், 272 இமேஜினரின்னு எடுத்தாங்க, எர்ரர் பத்து, பதினஞ்சு எம்இவி அளவுல. 2012ல பிடிஜி சிக்மாவோட லிஸ்ட் பேர எஃப்0(600)ல இருந்து எஃப்0(500)னு மாத்தினது இந்த வேலைகளால தான்.

குமரன்_92: மேடம் பிரைட்-விக்னர் போட்டேன், 510 வருது. கரெக்டா?

மேல நிலாவுக்கு சொன்னத படிங்க.

சுகந்தி: இது ஹிக்ஸ் மாதிரி தானே?

கெல்-மேன், லேவி 1960ல எழுதின சிக்மா மாடல்ல சிக்மா ஃபீல்டு ஹிக்ஸோட அண்ணன் மாதிரி தான் நடந்துக்கும். ஆனா ஸ்கேட்டரிங்ல கிடைக்கற போல் தான் அந்த ஃபீல்டுன்னு நினைச்சுக்காதீங்க.

இளங்கோ: ரெண்டு குவார்க்கா நாலு குவார்க்கா, ஒரே வார்த்தைல.

ஒரே வார்த்தைல முடியாது. வெக்டர் மீசான (ஸ்பின் 1) பாருங்க: ரோ 775, கே-ஸ்டார் 892, ஃபை 1020. ஸ்ட்ரேஞ்ச் குவார்க் ஏற ஏற கனம் ஏறுது. ஸ்கேலர்ல (ஸ்பின் 0, நம்ம சிக்மா குடும்பம்) தலைகீழ்: சிக்மா 450 பக்கம், கப்பா 700 பக்கம், ஏ0வும் எஃப்0வும் 980. சாதா குவார்க்-ஆன்டிகுவார்க்கா இருந்தா ஏ0ல ஸ்ட்ரேஞ்சே கிடையாது, அது ஏன் கப்பாவ விட கனம்? 1977ல ஜாஃபி நாலு குவார்க் போட்டார்: சிக்மால ஸ்ட்ரேஞ்ச் பூஜ்யம், கப்பால ஒண்ணு, ஏ0ல ரெண்டு. வரிசை தானா சரியாகுது.

மூலக்கூறு முருகன்: ஜாஃபிய விடுங்க சார், எஃப்0(980) ரெண்டு கேயான் சேர்ந்த மாலிக்யூல், த்ரெஷோல்டு (ரெண்டு கேயான் உண்டாக வேண்டிய எனர்ஜி எல்லை) மேலயே உக்காந்திருக்கு!

முதல்ல, சார் இல்ல. ரெண்டாவது, கேயான் ஜோடி எல்லை 990 பக்கம்ங்கறது உண்மை தான், எஃப்0வுக்கு உங்க வாதத்த நானும் முக்கால்வாசி ஒத்துக்கறேன். ஆனா அத சிக்மா வரைக்கும் இழுக்காதீங்க. வெயின்பெர்க்கோட காம்போசிட்னெஸ் அளவுகோல் (ஒரு துகள் வேற ரெண்டு துகள் ஒட்டினதான்னு சோதிக்கறது) த்ரெஷோல்டுக்கு ஒட்டி, ஒல்லியா இருக்கறதுக்குத் தான். சிக்மா ரெண்டு பயான் எல்லையான 280ல இருந்து எங்கயோ தள்ளி, அதுவும் அவ்ளோ அகலமா.

மூலக்கூறு முருகன்: அப்போ டெட்ராகுவார்க், அதாவது நாலு குவார்க்னு மட்டும் எப்படி சொல்றீங்க?

எங்க சொன்னேன்? நான் சொல்றது "சாதா குவார்க்-ஆன்டிகுவார்க் இல்ல", அவ்ளோதான். குவார்க்கோட கலர் (ஸ்ட்ராங் ஃபோர்ஸ் சார்ஜ்) எண்ணிக்கைய கணக்குல 3ல இருந்து கூட்டிப் பாத்தா ரோ ஒழுங்கா ஒல்லியாகும், சிக்மா அப்படி ஆகறதில்ல, இயற்பியலாளர் பெலேஸ் காட்டினது. டெட்ராகுவார்க், மாலிக்யூல் ரெண்டுக்கும் குவாண்டம் நம்பர் ஒண்ணு, ரெண்டும் கலக்கும், கலவைல எது எவ்ளோன்னு கேக்கறது பாதி நேரம் நீங்க எடுத்துக்கற மாடல பத்தின கேள்வி.

குமரன்_92: மேடம், அப்போ 510 வந்தது...

தம்பி, போல் எடுங்க. போல்.

நிலா: லாட்டிஸ்ல (காலவெளிய கட்டம் கட்டமா பிரிச்சு கம்ப்யூட்டர்ல போடற கணக்கு) பாத்திருக்காங்களா?

இது நல்ல கேள்வி. ஹாட்ரான் ஸ்பெக்ட்ரம் குரூப் பயான் மாஸ வேணும்னே ஏத்தி வெச்சுப் பாத்தாங்க. 391 எம்இவி பயானுக்கு சிக்மா ரெண்டு பயான் எல்லைக்குக் கீழ இறங்கி உடையாத ஒரு கட்டுண்ட நிலையாவே நிக்குது. 236க்கு இறக்கினா எல்லைய தாண்டி அகலமாயிடுது. அந்த 236 கணக்குல கூட எந்த பாராமெட்ரைசேஷன் (ரிசல்ட்டுக்குப் பொருத்தற ஃபார்முலா) போடறோம்ங்கறத பொறுத்து போல் நகருது, அங்கயும் ராய் மாதிரி டிஸ்பெர்ஷன் சமன்பாட்ட போட்டா தான் அடங்கும். முருகன், நீங்களும் இத படிங்க, அப்புறம் சண்டை போடலாம்.